செங்கம் ரோட்டு சிவப்பு மணி

பௌர்ணமி ராத்திரி ஃப்ரெண்ட்ஸ் கும்பலோட பஸ் ஏறி, பதினாலு கிலோமீட்டர் நடந்து, காலையில கால் வீங்கி ஹாஸ்டலுக்குத் திரும்புற திருவண்ணாமலை உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல முன்னாடி நடக்கிறவரோட முதுகைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது. ஒரு தடவை, பௌர்ணமி இல்லாத நாளாப் பார்த்துப் போங்க. கோயிலைக் கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிடாம, செங்கம் ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ரமணாசிரமம் பகுதியில இறங்குங்க.

அது திருவண்ணாமலைக்குள்ளயே இருக்கிற இன்னொரு ஊர்! 1896-ல பதினாறு வயசுப் பையனா வந்து சேர்ந்த ரமணர், 1922-ல அம்மா சமாதி ஆன பிறகு மலையை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்த இடம். அவரைச் சுத்தி ஆசிரமம் வளர்ந்துச்சு. ஆசிரமத்தைச் சுத்தித் தெரு வளர்ந்துச்சு. உள்ளே மயில் நடக்கும். குரங்கு உங்க பையைச் சோதனை போடும். வெளியே காவி வேட்டி சாமியாரும், கதர் குர்தா போட்ட ஜெர்மன்காரரும் ஒரே டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து ஒரே தினசரியைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. மார்கழி, தை மாசங்கள்ல போனா தமிழ் பேசுறவங்களைத் தேடணும். புத்தகக் கடை, வாடகை ஸ்கூட்டர், பருத்தித் துணி, ஊதுபத்தி... அப்புறம் மணிக் கடைகள்.

அந்த மணிக் கடையிலதான் நமக்கு வேலை.

வரிசையா சரங்கள் தொங்கும். ருத்திராட்சம், ஸ்படிகம், துளசி, பவழம். அதுக்கு நடுவுல கறுப்போன்னு தோணுற மாதிரி ஒரு அடர் சிவப்புச் சரம் இருக்கும். கையில எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, உள்ளே மாதுளை முத்து மாதிரி பளிச்சுனு ஒரு சிவப்பு எரியும். கடைக்காரர்கிட்ட கேட்டா, ‘கார்னெட்’னு சொல்வார். அந்தப் பேரே மாதுளைக்கான லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான்னு சொல்றாங்க. மாணிக்கம் வாங்க வசதி இல்லாதவங்களோட மாணிக்கம்! கடையில அதுக்குப் பெரிய மரியாதை எல்லாம் கிடையாது. சில நூறு ரூபாய்க்கே ஒரு சரம் கிடைக்கும்.

ஆனா இதே குடும்பத்துக் கல்லுங்க, தெற்காசியாவுல இருந்து கிளம்பி, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ராஜாக்களோட தோள்லயும் வாள் பிடியிலயும் போய் உட்கார்ந்திருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நான் சொன்னா நம்ப வேண்டாம். பாரீஸ்ல அருங்காட்சியகத்துக்கு அடியில இருக்கிற ஒரு அணுத்துகள் முடுக்கி சொல்லுது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன லேப் எக்ஸ்பெரிமென்ட். பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கை உடைச்சிருக்கீங்களா? உள்ளே பளபளன்னு வளைஞ்ச காந்தம் ஒண்ணு இருக்கும். நியோடிமியம் காந்தம். அதை எடுத்துக்கிட்டுப் போங்க (ஏ.டி.எம். கார்டு இருக்கிற பர்ஸ்ல மட்டும் வைக்காதீங்க!). “அண்ணா, ஒரு நிமிஷம் இதைப் பக்கத்துல காட்டிப் பார்க்கட்டுமா?”ன்னு கேட்டுட்டு, தொங்குற கார்னெட் சரத்துக்குப் பக்கத்துல கொண்டு போங்க. சரம் மெதுவா காந்தத்தைப் பார்த்து நகரும். சிவப்புக் கண்ணாடி மணி நகராது. மாணிக்கமும் நகராது. காரணம், அடர் சிவப்பு கார்னெட்ல பெரும்பாலானது ‘அல்மண்டைன்’ங்கிற வகை. அது இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சிலிகேட். சிவப்பைக் கொடுக்கிறதும் காந்தத்துக்கு மயங்குறதும் அந்த இரும்புதான். இரும்புக்குப் பதிலா மக்னீசியம் அதிகமா இருந்தா அதுக்குப் பேரு ‘பைரோப்’. கால்சியம் வந்தா நிறம் தேனாட்டம் மாறும். நவரத்தின மோதிரத்துல ராகுவுக்குப் போடுற கோமேதகம் அந்தக் கிளைதான். அதாவது, ஜாதகம் பார்த்துப் போடுற கல்லும், தச்சர் மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாள்ல ஒட்டுற தூளும் ஒரே குடும்பம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி கடற்கரை மணல்ல கார்னெட் கொட்டிக் கிடக்கிறதும், 2013-ல தாது மணல் எடுக்க அரசு தடை போட்டதும் நியூஸ்ல படிச்சிருப்பீங்க. அதே கார்னெட்தான்.

ஒரே கல், ஆனா ஒவ்வொரு மலையிலயும் வேற வேற சமையல். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. மொத்தத் துப்பறிவும் இதுலதான் நிக்குது.

இப்போ இங்கிலாந்து போவோம். 2021-ல வந்த ‘தி டிக்’ படம் பார்த்தவங்களுக்கு சட்டன் ஹூ தெரியும். சஃபோக் பகுதியில ஒரு அம்மா தன்னோட நிலத்துல இருந்த மேடுகளைத் தோண்டச் சொன்னாங்க. 1939-ல ஒரு முழுக் கப்பலோட தடம் கிடைச்சது. நடுவுல ஒரு ராஜாவுக்கான சவ அடக்கம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ரெண்டு தோள்லயும் மாட்டுற தங்கக் கொக்கிகள், பணப்பையோட மூடி... எல்லாத்துலயும் தங்கத் தகட்டால குட்டிக் குட்டி அறை கட்டி, ஒவ்வொரு அறையிலயும் ஒரு சிவப்புக் கல்லை வெட்டி உட்கார வெச்சிருக்காங்க. கல்லுக்கு அடியில கோடு கோடா அச்சு குத்தின தங்கத் தாள். உள்ளே போற வெளிச்சம் அதுல பட்டுச் சிதறித் திரும்பி வரும். அதனாலதான் அவ்வளவு அடர்த்தியான கல் தணல் மாதிரி மின்னுது. நம்ம ஊர்ல கல்லு கட்டுற பத்தர்களுக்கு, கல்லுக்குக் கீழே தகடு வைக்கிற இந்த வித்தையை யாரும் சொல்லித் தரவேண்டாம்!

அடுத்தது 2009. ஸ்டாஃபர்ட்ஷயர்ல உழுது போட்ட வயல்ல, மெட்டல் டிடெக்டரோட நடந்த ஒருத்தருக்குத் தங்கம் தட்டுப்பட்டது. எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருந்தது. உடைஞ்சது, முழுசு எல்லாம் சேர்த்து சுமார் 4,600 துண்டுகள். நாலு கிலோ தங்கம். ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கப் புதையல்ல இவ்வளவு பெரிசா வேற கிடைச்சதே இல்லை. பெரும்பாலும் வாள் பிடியில இருந்து பிச்சு எடுத்த நகைகள். அதுலயும் ஆயிரக்கணக்குல அந்தச் சிவப்புக் கல்.

இதை எப்படி ஆராய்ஞ்சாங்கங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. தங்கம் மென்மையான உலோகம். ஊசியால மண்ணைக் குத்தி எடுத்தா கீறல் விழும். அதனால அங்கே இருந்த பாதுகாப்பு நிபுணர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? செடியில இருந்து முள்ளை ஒடிச்சு, ஒரு பிடியில மாட்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில அந்த முள்ளால மண்ணைக் கிளறி எடுத்தாங்க. எத்தனையோ லட்சம் பவுண்டு மெஷின் இருக்கிற லேப்ல, கடைசியில ஜெயிச்சது முள்ளு!

அப்புறம் எக்ஸ்-ரே. தங்கத்து மேல எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினா அதுல இருக்கிற ஒவ்வொரு தனிமமும் தன்னோட கையெழுத்தைத் திருப்பி அனுப்பும். இதுல எவ்வளவு தங்கம், எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்புன்னு உடைக்காமலே கணக்குப் போடலாம். இங்கேதான் ஒரு ட்விஸ்ட். மேல்பரப்புல ஒரு கணக்கு, உள்ளே வேற கணக்கு. மேலே வெள்ளியும் செம்பும் குறைவு. உள்ளே அதிகம். மண்ணுக்குள்ள கிடந்ததால மட்டும் இப்படி ஆகலை. கொல்லர்கள் வேணும்னே மேல்தோல்ல இருந்த வெள்ளியை நீக்கி, தரம் குறைஞ்ச தங்கத்தைச் சொக்கத் தங்கம் மாதிரி காட்டியிருக்காங்க. ஒரே நகையில ரெண்டு நிறத் தங்கம் வேணும்னாலும் இதே உத்திதான். ஆயிரத்து நானூறு வருஷம் கழிச்சு மாட்டிக்கிட்டாங்க. ‘ஹால்மார்க்’ இல்லாத காலம், என்ன பண்றது!

கல்லுக்கு அடியில ஒட்டியிருந்த பசையையும் விடலை. தேன்மெழுகு கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊர்ல அந்த வேலையை அரக்கு செய்யும்.

சரி, கல் எங்கிருந்து வந்துச்சு? இங்கிலாந்துல நகைக்கு ஆகுற மாதிரி கார்னெட் அவ்வளவா கிடையாது. அதனால வெளியே இருந்துதான் வந்திருக்கணும். ரொம்ப நாளா ‘இந்தியாவா இருக்கலாம்’னு ஊகம் மட்டும் இருந்துச்சு. பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு அடியில ‘அக்லே’ன்னு ஒரு முடுக்கி இருக்கு. அதுல இருந்து புரோட்டான் கற்றையைக் காற்றுல வெளியே கொண்டு வந்து, நகை மேல அப்படியே படவைக்கலாம். ஒரு துளி கூடச் சுரண்ட வேண்டாம். கல் திருப்பி அனுப்புற எக்ஸ்-கதிரை வெச்சு இரும்பு, மக்னீசியம், கால்சியம் எவ்வளவுன்னு பார்க்கலாம். கடுகளவு கலந்திருக்கிற குரோமியம், இட்ரியம் வரைக்கும் எண்ணலாம். கூடவே லேசரை உள்ளே செலுத்தி, கல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட வேற கனிமங்களையும் அடையாளம் காணலாம். நான் மேலே சொன்ன ‘ஒவ்வொரு மலையிலயும் வேற சமையல்’ இங்கே உதவுது. உப்பு, காரத்தை வெச்சே இது எந்த மெஸ் சாம்பார்னு நீங்க சொல்லிட மாட்டீங்களா? அதே டெக்னிக்!

பிரான்ஸை அப்போ ஆண்ட மெரொவிஞ்சியன் அரச குடும்பத்து நகைகளைத்தான் முதல்ல பார்த்தாங்க. 2000-களின் தொடக்கத்துல முடிவு வெளியே வந்துச்சு. அஞ்சு, ஆறாம் நூற்றாண்டுக் கற்கள்ல பெரும்பாலானது இந்தியா, இலங்கைக் கற்களோட ஒத்துப் போச்சு. ஏழாம் நூற்றாண்டு நெருங்க நெருங்க, குரோமியம் அதிகமா இருக்கிற சின்னச் சின்ன பைரோப் கற்கள் தலை காட்ட ஆரம்பிச்சது. அது பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டுக் கல். ஸ்டாஃபர்ட்ஷயர் புதையல்லயும் ரெண்டும் கலந்து இருக்கு. பெரிய கல் நம்ம பக்கத்துது, சின்னது செக் பக்கத்துது. நம்ம பக்கத்துச் சரக்கு ஏன் குறைஞ்சது? செங்கடல் வாசல்ல பாரசீகத்தோட கை ஓங்கினதுன்னு ஒரு விளக்கம் உண்டு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில ஏமன் பாரசீகத்துக்குப் போச்சு. கப்பல் வழி சிக்கலாச்சு. சரக்கு நின்னதும் பழைய நகையில இருந்த கல்லைப் பெயர்த்துப் புது நகையில வெச்சிருக்காங்க. வாள் பிடியில இருக்கிற ஒரு பட்டாணிக் கல்லு, கடல் வாணிபத்தோட ரிப்போர்ட் கார்டு மாதிரி!

‘இந்தியா’ங்கிறது பெரிய வார்த்தை. எந்த ஊரு? இதுக்குப் பதில் தேடினப்போதான் கதை நம்ம வாசலுக்கு வருது. ரமணாசிரமம் தெருவுல இருந்து சுமார் நூத்திப் பத்து கிலோமீட்டர் கிழக்கே, புதுச்சேரியைத் தாண்டி, அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம் நாட்டு மண்பாண்டத்தை வெளியே எடுத்த இடம். கண்ணாடியிலயும் கல்லுலயும் மணி செய்யுற பட்டறைகள் இருந்த துறைமுகம். அங்கே கிடைச்ச கார்னெட் மணிகளை ஐரோப்பிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து பரிசோதிச்சு 2017-ல முடிவைச் சொன்னாங்க. கல் உள்ளூர் இல்லை. தெலங்கானாவுல கொத்தகூடெம் பக்கத்துல கரிப்பேட்னு ஒரு மலை. அந்த மலைச் சரிவுல மண்ணோட மண்ணா உதிர்ந்து கிடக்கிற கார்னெட்டோட ரசாயனக் கணக்கும், கல்லுக்குள்ள தெரியுற இழை இழையான சில்லிமனைட்டும், அரிக்கமேட்டு மணிகளோட அப்படியே பொருந்துது. 2018-ல இன்னொரு கட்டுரை: பைசாந்தியப் பேரரசோட ஆரம்ப காலத்துல உருவம் செதுக்கின ஒரு அல்மண்டைன் கல்லும் அதே கரிப்பேட்டுல இருந்து போனதுதான்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். இதைப் படிச்சதும், ‘இங்கிலாந்து ராஜா கிரீடத்தைச் செஞ்சதே தமிழன்தான்’னு ஃபார்வர்டு மெசேஜ் தயாரிக்கக் கை அரிக்கும். வேண்டாம் பாஸ். அரிக்கமேட்டோட பொற்காலம் கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு வாக்குல முடிஞ்சது. சட்டன் ஹூ அதுக்கு நானூறு வருஷத்துக்கு மேல பின்னாடி. அரிக்கமேட்டுப் பட்டறையில தேய்ச்ச கல்தான் அங்கே போச்சுன்னு யாரும் சொல்லலை. நிரூபணமானது இவ்வளவுதான்: கோதாவரிப் பக்கத்து மலைக்கல் தமிழ்க் கடற்கரை வரைக்கும் வந்து மணியாச்சு. அதே மலைக்கல் சில நூற்றாண்டு கழிச்சு பைசாந்தியம் வரைக்கும் போச்சு. தெற்காசியக் கற்கள் வடக்குக் கடல் வரைக்கும் சேர்ந்துச்சு. இதுவே பெரிய விஷயம் இல்லையா? நடுவுல எத்தனை கை மாறியிருக்கும்! மலையில பொறுக்கினவங்க, மூட்டை சுமந்தவங்க, துளை போட்டவங்க, கப்பல்ல காவல் இருந்தவங்க... ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது.

பேரும் கணக்கும் எழுதி வைக்கிற பழக்கம் நமக்கு இருந்துச்சுங்கிறதுதான் வேடிக்கை. தஞ்சாவூர் பெரிய கோயில் சுவர்ல போய்ப் பாருங்க. ராஜராஜனும் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளோட பட்டியல் கல்லுல வெட்டியிருக்கு. தங்கம் நிறுத்தது ‘ஆடவல்லான்’ங்கிற எடைக்கல்லால. ரத்தின நகைகளை நிறுத்தது ‘தட்சிணமேரு விடங்கன்’ங்கிற எடைக்கல்லால. எத்தனை முத்து, எத்தனை கல், சரடும் அரக்கும் சேர்த்து எவ்வளவு எடைன்னு ஆடிட்டர் கூட அசந்து போற அளவுக்குக் கணக்கு. ஆனா நகை இல்லை! இங்கிலாந்துல நகை இருக்கு, யாரோடது, யார் செஞ்சதுன்னு ஒரு வரி எழுத்து இல்லை. அதனாலதான் அவங்க முள்ளும் புரோட்டானும் வெச்சுக் கல்லையே பேச வைக்கிறாங்க. நமக்கு ஒரு நகை மண்ணுல இருந்து கிடைச்சா, எழுத்தையும் கல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

கிடைச்சா, அது கிடைச்ச இடத்துலயே இருக்கணும். பிரச்னையே அதுதான். அரிக்கமேட்டுல மழை பெய்ஞ்சா மணி மேலே வந்து கிடக்கும். அதைப் பொறுக்குறது ரொம்ப காலமா நடந்திருக்கு. பொறுக்கின மணி எந்த மண் அடுக்குல இருந்துச்சு, பக்கத்துல என்ன ஓடு கிடந்துச்சு, எல்லாம் அந்த நிமிஷமே அழிஞ்சு போகுது. கரிப்பேட்டுக் கல்லுன்னு லேப் சொல்லிடும். எந்த நூற்றாண்டுல அங்கே வந்துச்சுன்னு எந்த லேபும் சொல்லாது. சுற்றுலா ஊர்கள்ல யாராவது உங்ககிட்ட ரகசியமா, “பழங்காலத்து மணி தம்பி, மண்ணுல எடுத்தது”ன்னு சொல்லி விற்க வந்தா ரெண்டே வாய்ப்புதான். பொய்யா இருந்தா காசு போச்சு. நிஜமா இருந்தா அதைவிடப் பெரிய நஷ்டம், அதுல நீங்களும் பங்குதாரர்.

சட்டமும் இருக்கு. ஸ்டாஃபர்ட்ஷயர்ல கண்டெடுத்தவர் அதிகாரிகள்கிட்ட சொன்னார். மதிப்புப் போட்டாங்க: 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அருங்காட்சியகங்கள் நிதி திரட்டி வாங்கிக்கிட்டு, அந்தத் தொகையை அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. நம்மகிட்ட இருக்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஆமாங்க, பத்து ரூபாய்! இன்னிக்கு ஒரு டீ கூடச் சில இடத்துல அதுக்கு வராது. சொன்னா என்ன கிடைக்கும்ங்கிறதைவிட, சொன்னா என்ன தொல்லை வரும்ங்கிற பயம்தான் கிராமத்துல பேசப்படுது. அந்தப் பயம் போற மாதிரி ஒரு ஏற்பாடு வராம, மணி மண்ணுல நிக்காதுன்னு எனக்குத் தோணுது.

பிசிக்ஸ், ஜியாலஜி படிக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. இந்த வேலைக்கு லூவர் வரைக்கும் போய்த்தான் ஆகணும்னு இல்லை. புவனேஸ்வர் இயற்பியல் கழகத்துலயும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துலயும் துகள் முடுக்கிகள் இருக்கு. கொடுமணல்ல இருந்து கீழடி வரைக்கும் தோண்டின இடங்கள்ல மணிகள் வந்திருக்கு. ‘பி.எஸ்சி. ஜியாலஜி முடிச்சா சிமென்ட் கம்பெனிதானே’ன்னு கேட்கிற சித்தப்பாகிட்ட சொல்ல உங்களுக்கு ஒரு நல்ல பதில் ரெடி.

மறுபடி தெருவுக்கு வாங்க. மணிக் கடையில நின்னபடியே நிமிர்ந்து பார்த்தா மலை தெரியும். தலபுராணத்துல அந்த மலைக்கு நாலு யுகக் கதை உண்டு. முதல்ல நெருப்பு, அப்புறம் மாணிக்கம், அப்புறம் பொன், கலியுகத்துல வெறும் கல். ரோமானியர்கள் சிவப்புக் கல்லுக்கு எல்லாம் சேர்த்து வெச்ச பேரு ‘கார்பங்குலஸ்’. சின்ன நெருப்புத் துண்டுன்னு அர்த்தம். நெருப்பு, சிவப்புக் கல், தங்கம்! இந்த மூணையும் ஒண்ணாச் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் ரெண்டு ஊருக்கும் தனித்தனியா வந்திருக்கு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சதா நினைக்க வேண்டாம். வெளிச்சத்துல ஒரு கார்னெட்டைப் பிடிச்சுப் பார்த்தா யாருக்கும் அதுதான் தோணும்.

ஆசிரமத்துக்குப் பின்னாடி ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுற பாதையில காலையில சீக்கிரம் ஏறிடுங்க. வெயில் வந்தா பாறை கொதிக்கும். மேலே இருந்து நாலு கோபுரமும் ஊரும் கையில பிடிக்கிற மாதிரி தெரியும். வழியில எந்தக் கல்லையும் பெயர்த்து எடுக்காதீங்க. காந்தத்தைக் கடைக்கு மட்டும் வெச்சுக்குங்க. இறங்கி வந்து டிபன் முடிச்சுட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியா பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிச்சா மதியத்துக்குப் போய்ச் சேரலாம். பாரதி பூங்கா பக்கத்துல இருக்கிற அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டு மணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால வெச்சிருக்காங்க. அந்தக் குட்டி மணிகள்ல இவ்வளவு மெல்லிசா எப்படித் துளை போட்டாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னா, நேரம் போறது தெரியாது. கடைசி பஸ் டைமை முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்குங்க.